பிக்கப் டீசல் குடிக்கிறதா? இன்ஜினைக் கழற்றும் முன் சக்கரத்தைப் பாருங்கள்

“வண்டி நல்லாத்தான் ஓடுதுண்ணா, டீசல்தான் தாங்கல.” வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் விடிகாலையில் மூட்டை இறக்கிவிட்டு நிற்கும் பிக்கப் ஓட்டுநர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் காய்கறி, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், குடியாத்தத்துத் தீப்பெட்டி, செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போகும் மாடு என எல்லாமே இங்கே பிக்கப்பில்தான் ஏறுகின்றன. வாடகையை நினைத்தபடி ஏற்ற முடியாது. அதனால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டிய பணத்தில்தான் அது கை வைக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி. லிட்டருக்கு 13 கொடுத்தபோது மாதம் 192 லிட்டர் போதும். அதுவே 11 ஆகிவிட்டால் 227 லிட்டர் வேண்டும். 35 லிட்டர் அதிகம். டீசலை 90 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 3,150 ரூபாய். ஓரிரு வருடம் இப்படியே ஓட்டினால் நல்ல டயர் ஒரு செட் வாங்கும் பணம் புகைக்குழாய் வழியாகப் போயிருக்கும்.

மைலேஜ் விழுந்ததும் பலர் நேராக, இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்பைப் பழுது பார்க்கும் கடைக்குப் போகிறார்கள். நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) போயிருக்கும், பம்ப் வீக்காகியிருக்கும் என்று யாராவது சொல்ல, ஆயிரக்கணக்கில் செலவாகிறது. சில சமயம் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் என் கருத்து, அது கடைசியில் போக வேண்டிய இடம். காற்று, பிரேக், ஃபில்டர், ஹோஸ் கிளாம்ப் போன்ற சின்னச் செலவு வேலைகளைப் பார்த்து முடிக்காமல் இன்ஜின் பக்கம் கை வைப்பது வீண். ஏன் என்று புரிய, டீசல் எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு, நல்ல நிலையில் கொஞ்சம் கூடுதலாக, இன்ஜினிலிருந்து சுழலும் வேலையாக வெளியே வருகிறது. மீதியெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடும். எந்த மெக்கானிக்காலும் இதைப் பெரிதாக மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது அந்த மூன்றில் ஒரு பங்குதான். அது டயர் நசுங்கி உருள்வதற்கு, எதிர்க்காற்றைத் தள்ளுவதற்கு, பிரேக், பேரிங், கியர் உராய்வுக்கு, எடையை நகர்த்தி மேடேற்றுவதற்கு என்று செலவாகிறது. இதில் பாதிக்கு மேற்பட்ட இடங்கள் இன்ஜினுக்கு வெளியே இருக்கின்றன. இன்ஜின் புத்தம் புதிதாக இருந்தாலும் ஒரு சக்கரம் பிரேக்கில் பிடித்துக்கொண்டிருந்தால் டீசல் குடிக்கத்தான் செய்யும்.

முதலில் அளந்து பாருங்கள்

“முன்னாடி ஐந்நூறுக்குப் போட்டா ஆம்பூர் போய் வந்துடுவேன், இப்ப வரல” என்பது அளவு இல்லை. ரூபாய்க்கு டீசல் போடும் பழக்கத்தால் பலருக்குத் தங்கள் வண்டியின் உண்மையான மைலேஜே தெரியாது.

டேங்க் ஃபுல் முறைதான் எளிது. பெட்ரோல் பங்கில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பம்ப் தானாக முதல் தடவை ‘டக்’ என்று நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் “இன்னும் கொஞ்சம்” என்று அழுத்தி ஊற்றச் சொல்லாதீர்கள். ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி முதல் ‘டக்’ வரை நிரப்புங்கள். உதாரணமாக, முதலில் 84,210, இப்போது 84,652. ஓடியது 442. இப்போது பிடித்த டீசல் 36.8 லிட்டர். 442-ஐ 36.8-ஆல் வகுத்தால் 12 சொச்சம். இதுதான் உங்கள் மைலேஜ். ஒரே தடவை பார்த்து முடிவு கட்டாமல், அடுத்தடுத்து சில டேங்குகளுக்கு எழுதுங்கள். கூடவே என்ன லோடு, எந்த வழி என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

வழியை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலூர் கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரு 900 மீட்டரைத் தொட்டு நிற்கிறது. வண்டியும் லோடும் சேர்ந்து இரண்டரை டன் என்றால், அந்த எடையை 700 மீட்டர் மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 1.3 லிட்டர் டீசல் வேண்டும். வழக்கமான ஓட்டத்துக்கு ஆவது வேறு, இது வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று போகும்போது சாலை ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, டேங்குக்குத் தெரியும். வரும்போது இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுதாகக் கிடைக்காது. ஆகவே ஓசூர் போன டிரிப்பை வாலாஜா, காஞ்சிபுரம் போன டிரிப்போடு ஒப்பிட்டு “மைலேஜ் விழுந்துடுச்சு” என்று பயப்பட வேண்டாம். போய் வந்த மொத்தக் கணக்கைப் போய் வந்த மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். பேரணாம்பட்டு மலைப்பாதை வழியாக வி.கோட்டா போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இன்னொன்று. பின் டயரைக் கம்பெனி அளவைவிடப் பெரியதாக மாற்றியிருந்தால், ஓடோமீட்டர் உண்மையில் ஓடியதைவிடக் குறைத்துக் காட்டும். அப்போது மைலேஜ் விழுந்த மாதிரி கணக்கில் தெரியும். டயர் மாற்றிய நாளிலிருந்துதான் குறைந்தது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

காற்று

டயரில் காற்று குறைந்தால் தரையில் பதியும் பகுதி அதிகமாகி, ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலுக்கு ஆகும் சக்தி டயரைச் சூடாக்குவதில் போகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்குப்படி, நான்கு டயரிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். இது காரை மனதில் வைத்துச் சொன்னது. பத்து பி.எஸ்.ஐ. குறைவாகவே ஓடும் பிக்கப்புகளை எவ்வளவோ பார்க்கலாம். மேலே ஒரு டன் சுமையும் இருந்தால் டயர் நசுங்குவது இன்னும் அதிகம். மைலேஜை விட்டுத் தள்ளினாலும், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில், லோடோடு காற்று குறைந்த டயர் நெடுஞ்சாலையில் வெடிப்பதற்கு இதுவே போதும்.

எவ்வளவு காற்று என்பதைப் பஞ்சர் கடைக்காரரின் ஊகத்துக்கு விடாதீர்கள். கதவுப் பக்கத்து ஸ்டிக்கரிலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, லோடு இருந்தால் எவ்வளவு என்று எழுதியிருக்கும். பிக்கப்பில் பின் டயருக்கு முன் டயரைவிட நன்றாகவே அதிகம் வரும். நான்குக்கும் ஒரே அளவு அடித்துவிட்டுப் போவதுதான் இங்கே அதிகம் நடக்கிற தவறு.

காலையில் வண்டி எடுத்ததும், டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். மதியம் பள்ளிகொண்டா டோல் தாண்டி வந்து நிறுத்திப் பார்த்தால், சூட்டில் காற்று விரிந்து அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைவாக இருக்கும். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. சொந்தமாக ஒரு காற்றளவு மானி வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. சில நூறு ரூபாய்தான் ஆகும். வாரம் ஒரு முறை போதும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

டயரைப் பார்க்கும்போதே மேல்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளிருந்து வெளியே தடவும்போது வழவழப்பாகவும், வெளியிலிருந்து உள்ளே தடவும்போது விளிம்புகள் குத்துவது போலவும் இருந்தால், அல்லது அதற்கு நேர் எதிராக இருந்தால், முன் சக்கரங்கள் நேராக உருளவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகின்றன. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று, பார்க்க வேண்டும். அப்படி இழுபடும் டயர் டீசலையும் தின்னும், தானும் தேயும். பள்ளத்தில் பலமாக விழுந்த பிறகும், முன்பக்கம் ஏதாவது வேலை செய்த பிறகும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்

என்னைக் கேட்டால், பழைய பிக்கப்பில் யாரும் கவனிக்காமல் டீசல் குடிக்கும் இடம் இதுதான். பிரேக் பிடிக்கவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். பிரேக் விடவில்லை என்றால் தெரியாது. வண்டி ஓடும், நிற்கும், எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். ஆனால் காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரத்தில் பிரேக் லைனர், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்து ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான்.

காரணங்கள் பல. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். வீல் சிலிண்டர் ரப்பர் ஊதியிருக்கலாம். முன் டிஸ்க் பிரேக்கில், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிபரின் பின் காய்ந்து இறுகியிருக்கலாம். பெடலில் ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இல்லாமல் இருக்கலாம். எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்று) போகும் முன் “பிரேக் நல்லா டைட்டா இருக்கணும்” என்று அட்ஜஸ்டரை அதிகமாகத் திருப்பி விட்டிருக்கலாம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. என்பதால், வருடா வருடம் இந்தத் தொல்லையும் சேர்ந்தே வருகிறது.

கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வண்டி குறைவாகப் போகும் நேரான சாலையில் ஒரு பத்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டுங்கள். ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனல் வீசினால் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சர்ரென்று கொதித்துப் போனால் சந்தேகமே வேண்டாம். அந்தச் சக்கரத்தின் பேரிங் கிரீஸ் வற்றிப்போயிருந்தாலும் சூடாகும், ஆகவே கழற்றும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஜாக்கி போட்டு உறுதிசெய்யலாம். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும் என்பதால், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ மரக்கட்டையோ கட்டாயம் வையுங்கள். நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முன் சக்கரம் ஒன்றிரண்டு சுற்றாவது தானாக ஓட வேண்டும். டிஸ்க் என்றால் லேசான உரசல் சத்தம் இயல்பு. பின் சக்கரம் டிஃபரன்ஷியலையும் சேர்த்து இழுப்பதால் கொஞ்சம் கனமாகவே சுற்றும். அதை இன்னொரு பக்கத்துப் பின் சக்கரத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் கடினம் என்றால் வேலை அங்கே இருக்கிறது. பிரேக் மிதித்து விடச் சொல்லி உடனே சுற்றிப் பாருங்கள்: மிதிக்கும் முன் லேசாகச் சுற்றிய சக்கரம், மிதித்து விட்ட பிறகு இறுகிக் கிடந்தால், சிலிண்டரோ காலிபரோ திரும்பவில்லை என்று பொருள். பிரேக் விஷயம் என்பதால் சரிசெய்வதை மட்டும் தெரிந்த கையிடம் விடுங்கள்.

வால்வைக் கழற்றிப் போடும் பழக்கம்

வேலூர் வெயிலில் வண்டி சூடேறினால், “தெர்மோஸ்டாட் வால்வை எடுத்துட்டேண்ணா, இனி ஹீட் ஆவாது” என்று சொல்லி அனுப்புவது இங்கே ரொம்பக் காலமாக நடக்கிறது. அக்கறையில் செய்வதுதான். ஆனால் டீசல் செலவு அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வால்வின் வேலை என்ன? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்ற விடுவது; சுமார் 80 டிகிரி வந்ததும் திறப்பது. இன்ஜின் சீக்கிரம் சூடாக வேண்டும், சூடான பிறகு அதே அளவில் நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தது. அதை எடுத்துவிட்டால் காலையில் வண்டி சூடாகவே நெடுநேரம் ஆகும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அடிக்கும்போது மீட்டர் முள் கீழேயே கிடக்கும். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் உள் உராய்வு அதிகம். டீசலும் சரியாக எரியாது. கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின் என்றால், இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து அதற்கேற்ற கூடுதல் டீசலையே ஊற்றிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும், சில இன்ஜின்களில் வால்வை எடுத்தால் பைபாஸ் வழி எப்போதும் திறந்தே இருந்து, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் குறைந்து, லோடில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும்.

வண்டி சூடேறுவதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கும். ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே தூசியும் பூச்சியும் அடைத்திருக்கும். கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி, உள்ளே உப்புப் படிந்திருக்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும். மூடியின் ரப்பர் போயிருக்கும். இவற்றைச் சரிசெய்து, புது வால்வு போடுங்கள். பெரிய விலை இல்லை. உங்கள் வண்டியில் வால்வு இருக்கிறதா என்று தெரியாவிட்டால், காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடத்தில் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை ஃபேனுக்குக் கை போகாமல் தொட்டுப் பாருங்கள். வால்வு இருந்தால் அது நன்றாக நேரம் கழித்துத்தான் திடீரென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடானால், வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது.

மூச்சும் புகையும்

ஏர் ஃபில்டர் பற்றி எல்லோரும் சொல்வதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அடைத்திருந்தால் காற்று போதாது, இழுவை குறையும், நாம் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்போம். பழைய பம்ப் வைத்த டீசல் இன்ஜினில் கரும்புகையே காட்டிக்கொடுத்துவிடும். புது வண்டிகளில் புகை தெரியாது, இழுவைதான் குறையும். செங்கல் சூளை, கல் குவாரி, மண் சாலை என்று ஓடும் வண்டிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் பொருந்தாது, அதற்கு முன்பே மாற்ற வேண்டும். கம்ப்ரசர் காற்றால் ஊதுவதென்றால் உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாக ஏறும். காகிதம் கிழிந்த ஃபில்டரைப் போட்டு ஓட்டுவதைவிட மோசமானது எதுவும் இல்லை.

ஏர் ஃபில்டரைவிட அதிகம் மறக்கப்படுவது டர்போவிலிருந்து (காற்றை அழுத்தித் தருவது) இன்டர்கூலருக்கும் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது), அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ். அதன் கிளாம்ப் தளர்ந்தாலோ, அடிப்பக்கத்தில் சின்னக் கீறல் விழுந்தாலோ, டர்போ அழுத்திக் கொடுக்கும் காற்று வெளியே போய்விடும். மேட்டில் மிதிக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும், இழுவை இருக்காது. ஹோஸ் சேரும் இடத்தில் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கே விரலை வைத்துத் தேடுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர் திருப்பலில் முடிந்துபோகிற வேலைக்காகப் பம்ப் வரை கழற்றிய வண்டிகள் உண்டு.

புகையின் நிறம் ஓரளவு வழி காட்டும். கருப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். நீலம் கலந்திருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வண்டி சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அதைத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், அடியில் சேரும் தண்ணீரை வடித்துவிடுங்கள். வண்டி இரவு நின்ற இடத்தில் டீசல் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் மேலே ஓடும், மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் மெல்லிய ரிட்டர்ன் குழாய் காய்ந்து வெடித்துக் கசிவது சகஜம். இன்ஜின் ஆயில் கையேட்டில் சொன்ன கிரேடுதான் வேண்டும். பழைய வண்டிதானே என்று கெட்டி ஆயில் ஊற்றினால் ஓரிரு சதவீதம் அங்கே போகும்.

கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சுற்றும், சக்கரம் அந்த அளவுக்குச் சுற்றாது. மேட்டில் மேல் கியரில் போகும்போது மிதித்துப் பாருங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. காட்பாடி மேம்பாலத்தில் வண்டிகள் தேங்கும்போது பிரேக் மிதிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே நிறுத்தி வைப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால்

பி.எஸ். 6 என்னும் புகை அளவு விதி 2020 ஏப்ரல் 1-இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் பிக்கப்புகளில் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்னும் கரி வடிகட்டி இருக்கும். கரி நிறைந்ததும் வண்டியே கொஞ்சம் கூடுதல் டீசலைச் செலவழித்து, அந்த வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். இதற்கு வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து, ஒரே சீராக ஓட வேண்டும். மார்க்கெட்டிலிருந்து சத்துவாச்சாரி, அங்கிருந்து கிரீன் சர்க்கிள், மறுபடி மார்க்கெட் என்று துண்டு துண்டாக ஓடி, அடிக்கடி இன்ஜினை நிறுத்தும் வண்டியில் எரிப்பு பாதியிலேயே நிற்கும். அடுத்த தடவை மீண்டும் முதலிலிருந்து. இப்படிக் கூடுதல் டீசல் போய்க்கொண்டே இருக்கும். அதில் ஒரு பகுதி இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் அளவு ஏறவும் செய்யும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், சர்வீஸில் காட்டுங்கள்.

இதற்கு மருந்து எளிது. ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியை அவ்வப்போது நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை வரையோ பள்ளிகொண்டா வரையோ ஒரே சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். மீட்டரில் டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். வடிகட்டியையே எடுத்துவிடுகிறேன், ஈ.ஜி.ஆரை (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் அமைப்பு) அடைத்துவிடுகிறேன் என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். சட்டப்படியும் தவறு, அந்தக் கரியை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்க வேண்டும்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். வெப்ப சென்சார், காற்று சென்சார் ஒன்று தவறாகச் சொன்னாலும் கம்ப்யூட்டர் அதை நம்பித்தான் டீசல் ஊற்றும்.

வாங்க வேண்டாதவையும் இறக்க வேண்டியவையும்

டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, இருபது சதவீதம் மிச்சம் என்று சொல்லும் பொட்டலம் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்திருக்கிறது. மிகச் சிலவற்றில்தான் ஏதாவது பலன் தெரிந்தது, அதுவும் சொற்பம். அந்தக் காசுக்கு ஏர் ஃபில்டர் வாங்கலாம்.

வண்டியில் சும்மா கிடக்கும் இரும்பு, பழைய டயர், ஈரத்தில் ஊறிய தார்ப்பாய், உடைந்த கிரேட் ஆகியவற்றை இறக்கிவையுங்கள். காலியாகத் திரும்பும்போது படபடக்கும் தார்ப்பாயை மடித்து வையுங்கள். எதிர்க்காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 60-இல் இருப்பதைவிட 80-இல் ஏறக்குறைய 1.8 மடங்கு. உயரமாகக் கட்டிய பாடி, அதற்கு மேல் அடுக்கிய கோழிக்கூண்டு என்று போகும் வண்டிக்கு இந்தச் செலவு இன்னும் கூடுதல். 1978-இல் தொடங்கிய மத்திய அரசின் பெட்ரோலியம் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தைத்தான் சிக்கனம் என்று சொல்லிவருகிறது. நெடுஞ்சாலையில் 50-இல் போக எல்லோராலும் முடியாது, சரி. ஆனால் 85-இலிருந்து 65-க்கு இறங்கினாலே டேங்கில் தெரியும். மாம்பழ லோடு ஏற்றக் காத்திருக்கும்போது இன்ஜினை அணையுங்கள். இந்த அளவு டீசல் இன்ஜின் சும்மா நின்றாலே ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகலாம்.

ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகச் செய்யுங்கள். காற்று சரிசெய்தீர்களா, ஒரு டேங்க் ஓட்டி எழுதுங்கள். அடுத்து பிரேக், மறுபடி ஒரு டேங்க். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டால் எது பலன் கொடுத்தது என்று தெரியாது, அடுத்த தடவை விழும்போது மறுபடி இருட்டில் தேட வேண்டியிருக்கும். பிரேக் மட்டும் பாதுகாப்பு விஷயம், அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் மைலேஜ் ஏறவில்லை, கரும்புகையும் நிற்கவில்லை என்றால், இப்போது இன்ஜெக்டர் கடைக்குப் போகலாம். காமன் ரயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போவது) என்றால், எதையும் கழற்றும் முன் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிச் சின்ன பாட்டிலில் விட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விடுவார்கள். நான்கு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிறைய வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிறைந்தால், உள்ளே தேய்ந்தது அந்த இன்ஜெக்டர்தான். பக்கத்தில் நின்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஒன்றுதான் பழுது என்றால் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லலாம். புது இன்ஜெக்டரின் மேலே ஒரு குறியீடு அச்சிட்டிருந்தால், அதை ஸ்கேனர் மூலம் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்தார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பதியாமல் விட்டால் புது இன்ஜெக்டருக்கு வேண்டிய அளவு கம்ப்யூட்டருக்குத் தெரியாமல், அது பழைய கணக்கிலேயே டீசல் ஊற்றிக்கொண்டிருக்கும்.